பதினோரு நிமிடச் சத்தம்

4,316. வஹீதுன்னிசா கடைசியாகச் செய்து முடித்த சென்சாரின் வாலில் தொங்கும் தகரச் சீட்டில் அடித்திருக்கும் எண் இது. முதல் எண்ணை அவர் அடித்தது ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, நூம்பலில் ஒரு மாவு மில்லுக்கு மேலே இருக்கும் மாடிக் கூடத்தில். இன்றும் அதே கூடம்தான். கீழே மிளகாய் அரைக்கும் நாட்களில் மேலே எல்லோரும் தும்முவார்கள்.

இந்த நாலாயிரத்துச் சொச்சத்தில் முக்கால்வாசி பேக்கரி அடுப்புகளுக்குள் போயின. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பன் வேகிற பல அடுப்புகளில் எத்தனை டிகிரி என்று சொல்வது அவருடைய கம்பிகள்தாம். சில நூறு, பாய்லர்களுக்கு. ஒன்றே ஒன்றை பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் பிரியாணிக் கடை வைத்திருப்பவர் வாங்கிப் போனார். தம் போட்ட தேக்சாவுக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஆசையாம். கடலுக்குப் போனவை இரண்டே இரண்டு. அந்த இரண்டும் இந்த ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அரிசிப் பையில் சுற்றப்பட்டுத் திரும்பி வந்தன.

பையைத் தூக்கிவந்தவர் உலகநாதன். காசிமேட்டில் ஆழ்கடல் ஃபைபர் படகு ஒன்றின் டிரைவர். பத்தொன்பது வருடமாக என்ஜின் ஓட்டுகிறவர். கூட வந்தவர் படகின் சொந்தக்காரர் பால்ராஜ். மாடிப்படி ஏறியதில் பால்ராஜுக்கு மூச்சு வாங்கியது. உலகநாதனுக்குக் கோபம் மட்டும்தான்.

"பாயம்மா, இத்த நீயே வெச்சிக்கோ," என்று பையை மேசைமேல் வைத்தார். "இது இன்னா மெஷினு? கெட்ட கனா கண்ட கொயந்த மாரி கத்துது. என்ஜின் நல்லா கீது. தண்ணி சூடு எம்பதத் தாண்டல. இது மட்டும் கத்திகினே கீது."

"எவ்ளோ நேரம் கத்துச்சு?"

"கத்தும். அப்பாலிக்கா அதுவா அடங்கிக்கும்."

பைக்குள்ளிருந்து பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார் சாவித்திரி. வஹீதுன்னிசாவின் கூட்டாளி. "அதுவா எங்க அடங்குச்சு? ஹாரன் ஒயர வெட்டிருக்காங்கக்கா."

"நான் வெட்டல. எங்க ஆளு ராமன் வெட்டினான்," என்றார் உலகநாதன். "மீனு வெட்ற கத்தியால."

வஹீதுன்னிசா சிரித்துவிட்டார். பால்ராஜ் சிரிக்கவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னார்.

"இதோ பாரும்மா. வியாழக்கெயம ஐஸ் ஏத்தறோம். சாயந்தரம் அஞ்சு மணிக்குக் கெளம்பறோம். அதுக்குள்ள இது ஏன் கத்துதுன்னு நீ சொல்லிட்டா எடுத்துகினு போறேன். இல்லாங்காட்டி வோணாம். எங்க தொறையில இதே என்ஜின் வெச்சிகினு இருவது படகு கீது. அத்தினி பேரும் என் வாயப் பாத்துகினு கீறானுங்க. பொய் சொல்ற மெஷினுன்னு சொல்றதா, வோணாமா?"

வியாழன் மாலை ஐந்து மணி. கையில் இரண்டரை நாள்.

பெட்டி ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான். முகத்தில் சிவப்பு எழுத்தில் இரண்டு எண்கள் எரியும். இடது எண், என்ஜினுக்குள் சுற்றுகிற தண்ணீரின் சூடு. வலது எண், புகைக்குழாயின் சூடு. சூடு வரம்பைத் தாண்டினால், லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது கத்துமே, அந்த ஹாரன் கத்தும்.

இந்த வலது எண்ணை நினைத்து வஹீதுன்னிசாவுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அம்பத்தூரில் பால்ராஜின் மைத்துனர் பேக்கரி வைத்திருக்கிறார். அங்கே அடுப்பு சென்சார் மாட்டப் போனபோதுதான் பால்ராஜைத் தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய படகின் அடியில் பிளாஸ்டிக் தாள் ஒன்று ஒட்டிக்கொண்டு, கடல்தண்ணீர் உள்ளே வரும் வழி அடைத்துவிட்டது. என்ஜின் ஜாம் ஆகி இரண்டு நாள் நடுக்கடலில் மிதந்திருக்கிறார்கள். "மீட்டர் முள்ளு மேல ஏறச்சொல்ல எல்லாம் முடிஞ்சி போச்சும்மா," என்று அன்று சொன்னார்.

அதைக் கேட்டதிலிருந்து வஹீதுன்னிசாவுக்கு வேறு வேலை ஓடவில்லை. படகு என்ஜின் எப்படிக் குளிர்கிறது என்று பார்க்கிறவர்களை எல்லாம் கேட்டார். கேட்டதை ஒரு அட்டைப்பெட்டி மூடியில் படமாகப் போட்டுச் சுவரில் மாட்டினார். என்ஜினுக்குள் ஒரு நல்ல தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது வெளியே போவதே இல்லை. கடலிலிருந்து பம்ப் இழுக்கும் உப்புத்தண்ணீர் குளிர்விக்கும் பெட்டி ஒன்றுக்குள் நுழைந்து, அந்த நல்ல தண்ணீரின் சூட்டைத் தான் வாங்கிக்கொள்கிறது. அதோடு அதன் வேலை முடியவில்லை. அங்கிருந்து புகைக்குழாய்க்குள் பீச்சியடித்து, முந்நூறு நானூறு டிகிரியில் வரும் புகையைக் குளிரவைத்து, புகையோடு சேர்ந்து படகின் பின்பக்கம் கொட்டிவிடுகிறது. அந்தத் தண்ணீரை நம்பித்தான் புகைக்குழாயில் பாதி தூரம் இரும்புக்குப் பதில் ரப்பர் ஹோஸ் போட்டிருக்கிறார்கள்.

படத்தைப் பார்த்த மூன்றாவது நாள் அவருக்கு விஷயம் பிடிபட்டது. கடல்தண்ணீர் நின்றுபோனால் என்ஜின் சூடேறக் கொஞ்ச நேரம் எடுக்கும். ரப்பர் ஹோஸ் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே சுடும். அப்படியானால் சென்சாரை அங்கேயும் ஒட்டவேண்டும். ஒட்டினார். நவம்பரில் படகில் ஏறியது பெட்டி. உலகநாதனேதான் மாட்டினார், எங்கே எப்படி என்று வஹீதுன்னிசா போனில் சொன்னதோடு சரி.

இப்போது திரும்பி வந்திருக்கிறது.

"முதல்ல சென்சாரப் பாத்துருவோம்," என்றார் வஹீதுன்னிசா.

மின்சார அடுப்பில் அலுமினியப் பாத்திரத்தை வைத்துத் தண்ணீரைக் கொதிக்கவிட்டார். இரண்டு சென்சார்களையும் நுனி வரை முக்கினார். பெட்டியில் இரண்டு சிவப்பு எண்களும் குடுகுடுவென்று ஏறி, தொண்ணூற்றொன்பதில் நின்றன. அடுத்தது ஐஸ்கட்டி போட்ட டம்ளர். இரண்டும் ஒன்றுக்கு வந்தன.

"பொய் சொல்லலியே?"

"ஊட்ல நல்லாத்தான் கீது," என்றார் உலகநாதன். "கடலுக்குப் போனா பைத்தியம் புடிச்சிக்குது. எங்க ஊட்டு மாப்ள மாரி."

பெட்டிக்குள் நகத்தளவு மெமரி கார்டு ஒன்று உண்டு. நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு சூட்டையும் எழுதிவைக்கும். சாவித்திரி அதை எடுத்து லேப்டாப்பில் போட்டார். கடைசிப் பதினெட்டு நாள் பயணம் இரண்டு கோடுகளாகத் திரையில் விரிந்தது. என்ஜின் தண்ணீரின் கோடு எழுபத்தெட்டுக்கும் எண்பதுக்கும் நடுவே ஏரிக்கரை மாதிரி சமமாகப் போனது. புகைக்குழாயின் கோடு ஐம்பத்தாறில் படுத்துக்கிடந்தது. ஆனால் நடுநடுவே திடீரென்று எழுந்தது. எழுந்து நூற்றுப் பதினெட்டைத் தொட்டது. சற்று நேரம் அங்கேயே நின்றது. பிறகு இறங்கி மறுபடி படுத்துக்கொண்டது.

சாவித்திரி திரையில் விரல் வைத்து எண்ணினார். "இருவத்துமூணு மலை. எல்லாம் ஒரே அச்சுக்கா. ரப்பர் ஸ்டாம்ப்ல குத்தின மாதிரி இருக்கு."

இருவருக்கும் ஒரே சமயத்தில் அது உறைத்தது. சாவித்திரியும் வஹீதுன்னிசாவும் முன்பு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் பதினான்கு வருடம் அடுத்தடுத்த பெஞ்சில் உட்கார்ந்து கம்பி முறுக்கியவர்கள். கம்பெனி ஊருக்கு வெளியே வெகுதூரம் இடம் மாறியபோது, சேக்காட்டில் வீடும் ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் கணவருக்கு வேலையுமாக இருந்த சாவித்திரியால் போக முடியவில்லை. பூந்தமல்லியை விட்டு வஹீதுன்னிசாவும் போகவில்லை. அப்படித்தான் இந்த மாடி பிறந்தது. கெட்டுப்போன கம்பி எப்படி உளறும் என்று இருவருக்கும் மனப்பாடம். அது கண்டபடி குதிக்கும். இருநூறு என்னும், சைபர் என்னும். இருபத்துமூன்று முறை ஒரே மாதிரி ஏறி, ஒரே மாதிரி நின்று, பதினோரு நிமிடத்தில் இறங்காது.

"நெசமாவே சூடாகுது," என்றார் வஹீதுன்னிசா மெதுவாக.

"சூடாவுதுன்னா என்ஜின் ஏன் சூடாவல?" உலகநாதன் விடவில்லை. "அது எம்பதுலயே கீது பாரு. நீயும் தான் மொத டிரிப்புல கத்துதுன்னு சொன்னதுக்கு, எம்பதுல கீற பொகக்கொயா அலாரத்த தொண்ணூத்தஞ்சுக்கு ஏத்திக்கோன்னு போன்ல சொன்ன. ஏத்தினேன். அப்பவும் கத்துது. இன்னும் எவ்ளோ ஏத்தணும்? ஆயிரமா?"

வஹீதுன்னிசா அப்படிச் சொன்னது உண்மை. அது பேக்கரிப் பழக்கம். அடுப்பு அலாரம் கத்தினால் மாஸ்டர் போன் போடுவார், "அக்கா, பேஜாரா கீதுக்கா" என்பார். இவர் வரம்பைப் பத்து டிகிரி ஏற்றிக்கொள்ளச் சொல்வார். மாஸ்டர் நிம்மதியாகப் பன் சுடுவார். டிசம்பரில் துறைமுகத்திலிருந்து உலகநாதனின் போன் வந்தபோது கீழே மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். தும்மலுக்கு நடுவே, ஏன் கத்துகிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல், எண்ணை ஏற்றச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பார்க்கிற எதற்கும் சூடு எத்தனை என்று கேட்கிறவர் அவர். கணவர் மஸூத் டீயை எத்தனை டிகிரியில் வாயில் வைக்கிறார் என்று அளந்தவர். அறுபத்தொன்று. அப்படிப்பட்டவர் அன்று கேட்காமல் விட்டிருந்தார். இப்போது கேட்டார்.

"கத்துன நேரத்துல எல்லாரும் இன்னா செஞ்சிகினு இருந்தீங்க?"

"இன்னா செய்வோம்? வேலதான்."

"வேலன்னா? காலைலருந்து சொல்லுங்க. நான் போட்ல ஏறினதே இல்ல."

உலகநாதன் பால்ராஜைப் பார்த்தார். பால்ராஜ், சொல்லு என்பதுபோலத் தலையசைத்தார். விடியற்காலை தூண்டில் கயிறு விடுவோம் என்று ஆரம்பித்தார் உலகநாதன். பன்னிரண்டு மணிக்கு மேல் இழுப்போம். என்ஜினை மெதுவாக வைத்துக்கொண்டு மூன்று நாலு மணிவரை இழுப்போம். மீன் ஏறினால் ராமன் ஐஸ் ரூமுக்குள் இறங்குவான். இன்னும் ரெண்டு பேர் கூட இறங்குவார்கள். அடுக்கிவிட்டு மேலே வருவார்கள். கை காய்ச்சுவார்கள். அப்புறம் சோறு.

"கை காய்ச்சறதுன்னா?"

"ஐஸ்ல ஒரு மணி நேரம் கைய வுட்டுப் பாரு பாயம்மா. வெரல வெட்டினாலும் தெரியாது. சுடுதண்ணில வெச்சாத்தான் உயிர் வரும்."

"சுடுதண்ணி ஸ்டவ்ல போடுவீங்களா?"

"ஸ்டவ்வா? கடல்ல கேஸ வெச்சி கை காய்ச்சினா ஓனரு நம்மள காய்ச்சிடுவாரு. என்ஜின்லருந்துதான். வால்வு தொறந்தா கொட்டுது."

"எந்த வால்வு?"

கேட்டது வஹீதுன்னிசா அல்ல, பால்ராஜ். அவர் படகில் ஏறிக் கடலுக்குப் போய் ஆறு வருடமாகிறது. அவருக்குத் தெரிந்து அந்த என்ஜினில் அப்படி ஒரு வால்வு இல்லை.

உலகநாதன் ஒருமுறை கழுத்தைத் தடவிக்கொண்டார்.

வஹீதுன்னிசா சுவரில் மாட்டியிருந்த அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்து, பென்சிலை அவர் கையில் கொடுத்தார். "எங்க இருக்குன்னு போடுங்கண்ணா."

உலகநாதன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, உப்புத்தண்ணீர் குளிர்விக்கும் பெட்டியை விட்டு வெளியே வந்து புகைக்குழாய்க்குப் போகிற வழியில், சரியாக நடுவே, ஒரு கிளை போட்டார். கிளையின் முனையில் ஒரு பக்கெட்டும் வரைந்தார்.

"நாலு வருசமாச்சு. ஒரு வெல்டர் கைல சொல்லி நான்தான் போட்டேன். பசங்க பாவம், கைய கக்கத்துல வெச்சிகினு அய்வானுங்க."

"இந்தத் தண்ணி பக்கெட்டுக்கு வந்துட்டா," வஹீதுன்னிசா விரலை நகர்த்தினார், "இந்தப் பக்கம் புகைக்கு எது போவும்?"

உலகநாதன் பென்சிலைக் கீழே வைத்தார். 

கை காய்ச்ச எவ்வளவு நேரம் ஆகும் என்று சாவித்திரி கேட்டார். ஆளுக்கு மூணு நாலு நிமிஷம், மூணு பேர் என்றார் உலகநாதன். சாவித்திரி திரையில் மலையின் அடிவாரத்தைக் காட்டினார். பதினோரு நிமிடம்.

என்ஜின் ஏன் சூடாகவில்லை என்பதற்கும் பதில் அந்தப் படத்திலேயே இருந்தது. கடல்தண்ணீர் வழக்கம்போல உள்ளே வந்தது, என்ஜினின் சூட்டை வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் வழி மாறியது. அதனால் இடது எண் எண்பதிலேயே நின்றது, வலது எண் மட்டும் ஏறியது. உலகநாதன் சொன்னதும் பொய்யில்லை, பெட்டி சொன்னதும் பொய்யில்லை.

"சரி, கத்தறது நெசம்தான்னே வெச்சிக்குவோம்," என்றார் உலகநாதன், குரல் கொஞ்சம் இறங்கி. "நாலு வருசத்துல ஒண்ணும் ஆவலியே?"

"ஹோஸக் கய்ட்டி உள்ள பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று முடிவானது.

அன்று மாலை வீட்டில் மஸூத் வம்பிழுத்தார். "இத்தினி வருசமா எத்தினி பேக்கரிக்கு நம்பர ஏத்திக் குடுத்திருப்ப? எவனாச்சும் வந்து கேட்டானா?"

"அங்க கருகினா ரொட்டிதான் மச்சான் கருகும்," என்றார் வஹீதுன்னிசா. 

புதன்கிழமை காலை வஹீதுன்னிசாவும் சாவித்திரியும் காசிமேட்டில் இருந்தார்கள். கரையிலிருந்து படகுக்குப் போட்டிருந்த பலகை இவர்கள் கால் வைத்ததும் ஆடியது. வஹீதுன்னிசா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையால் உலகநாதனின் தோளைப் பிடித்தபடி ஏறினார். என்ஜின் ரூமுக்குள் குனிந்துதான் போகவேண்டும். டீசலும் மீனும் கலந்த வாடை. பனியன் போட்ட நெடிய மனிதர் ஒருவர் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்து கிளாம்புகளைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

"இவந்தான் ராமன்," என்றார் உலகநாதன். "கத்தி."

ராமன் தலையைச் சொறிந்தார்.

ஹோஸ் ஒரு ஆளின் கைத் தடிமன் இருந்தது. உருவி எடுத்ததும் வெளியே பார்க்கப் புதிது போல இருந்தது. வஹீதுன்னிசா உள்ளே கையை விட்டார். வெளியே எடுத்தபோது விரலெல்லாம் கறுப்புச் செதில்கள். தீய்ந்த தோசையைச் சுரண்டினாற்போல. டார்ச் அடித்துப் பார்த்தார்கள். உள்பக்க ரப்பர் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தது. ஓரிடத்தில் ரப்பரே போய், உள்ளே வைத்துத் தைத்த நூல் தெரிந்தது. பால்ராஜ் அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே அமுங்கியது.

"இது எந்த வழியாப் போவுது?" என்று கேட்டார் வஹீதுன்னிசா.

உலகநாதன் கையால் காட்டினார். என்ஜின் ரூமிலிருந்து பின்பக்கம் வரை. நடுவே, ஐந்து பேர் படுக்கிற பலகைக்கு அடியில். காட்டிய கையை அவர் உடனே கீழே இறக்கவில்லை.

"கிழிஞ்சா புகை நேரா அங்க வரும்," என்றார் வஹீதுன்னிசா. பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார்: "இதுல என் தப்பும் இருக்கு. மொத டிரிப்புல கத்துதுன்னு சொன்னப்பவே காரணம் கேட்டிருக்கணும். கேக்காம நம்பர ஏத்தச் சொன்னேன். ரெண்டாவது டிரிப்புல இந்த ரப்பரு வெந்தது என்னாலதான்."

பால்ராஜ் ஹோஸைக் கீழே வைத்தார். "ஒண்ணு கேக்கட்டா? இத்த நீ சொல்லாம இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"அப்ப வுடு." அவர் ராமன் பக்கம் திரும்பினார். "வெல்டரக் கூப்புடு. அந்த வால்வ அடைச்சி வெல்டு வெச்சிரு."

ராமன் எழுந்திருக்கவில்லை. "அப்ப சுடுதண்ணி?"

"உசுரு வோணுமா, சுடுதண்ணி வோணுமா?"

"ரெண்டும் வோணும்ணே." ராமன் இரண்டு கைகளையும் நீட்டினார். விரல் நுனிகளில் தோல் வெளுத்து, வெடிப்பு விட்டிருந்தது. "இந்த டிரிப்பு மீனு நல்லாப் பட்டுச்சுன்னு நீ சந்தோசப்பட்ட. அத்தினியும் இந்தக் கைதான் அடுக்குச்சு. நீ வால்வ அடைச்சா, நான் ஐஸ் ரூம்ல எறங்க மாட்டேன். வேற எவனும் எறங்க மாட்டான். இந்தப் பொட்டி வந்துதான் எங்க தண்ணிய நிறுத்திச்சுன்னா, இந்த வாட்டி ஒயர இல்ல, பொட்டியவே கடல்ல போட்டுருவேன்."

"போடுவ, போடுவ," என்று பால்ராஜ் எழுந்தார். உலகநாதன் குறுக்கே வந்தார். மூன்று ஆண்கள் நிமிர்ந்து நிற்க அந்த ரூமில் இடம் கிடையாது. பால்ராஜின் தலை மேலே பலகையில் இடித்தது.

வஹீதுன்னிசா ராமனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை அவர் காதில் விழுந்ததா என்று சாவித்திரிக்கே சந்தேகம்.

"கை காய்ச்ச எவ்ளோ சூடு இருந்தா போதும்?"

ராமனுக்குப் புரியவில்லை. "சூடுன்னா சூடுதான்."

"தண்ணி எவ்ளோ வேணும்?"

"அது கொட்டிகினே இருக்கும். பாதி கீயத்தான் போவும்."

"அப்ப மொத்தத் தண்ணியும் வேணாம். கொஞ்சம் போதும். எவ்ளோ எடுத்தா புகைக்குழாய்க்குத் தெரியாம இருக்கும்னு பாக்கணும். அவ்ளோதானே?"

அதைப் பார்க்கத்தான் மீதி நாள் போனது. பால்ராஜ் கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பிப் புது ஹோஸ் வாங்கிவரச் செய்தார். மாட்டி முடிக்கப் பன்னிரண்டு மணி. படகைக் கரையோடு இறுக்கிக் கட்டி, தூண்டில் இழுக்கும்போது வைக்கும் அதே வேகத்தில் உலகநாதன் என்ஜினை ஓடவிட்டார். வால்வுக்கு முன்னால் பித்தளை வாஷர் ஒன்றைச் செருகி, அதன் துளை வழியாக மட்டுமே தண்ணீர் வரும்படி செய்தார்கள். சாவித்திரி மறுபடி மாட்டிய பெட்டிக்கு முன் உட்கார்ந்து எண்ணைச் சொல்லச் சொல்ல, வஹீதுன்னிசா உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டார்.

பத்து மில்லிமீட்டர் துளை. "அறுவத்தெட்டு... எழுவத்தஞ்சு... எண்பத்தெட்டு. ஏறிட்டே இருக்குக்கா!" வால்வை மூடினார்கள்.

எட்டு மில்லிமீட்டர். எழுபத்துநாலில் போய் நின்றது. புது ரப்பருக்கு அது ஆபத்தில்லை என்றார் உலகநாதன். கடலில் பம்ப் கொஞ்சம் தேய்ந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டார் வஹீதுன்னிசா. உலகநாதன் வாஷரைக் கழற்றினார்.

ஆறு மில்லிமீட்டர். ஐம்பத்தெட்டு, அறுபது, அறுபத்துமூன்று. அதற்குமேல் ஏறவில்லை. இருபது நிமிடம் காத்திருந்தார்கள். அறுபத்துமூன்றிலேயே நின்றது. குழாய் வழியாக வந்த தண்ணீரை அளந்தால் நாற்பத்துநாலு டிகிரி. கைக்கு இதமான சூடு. ஆனால் விரல் தடிமனில்தான் வந்தது.

ராமன் பக்கெட்டையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு பக்கெட்டுக்கு ஆறு நிமிசம்! நான் ஐஸ் ரூம்லருந்து வந்து இங்க நின்னுகினு இது ரொம்பற வரைக்கும் பஜனை பண்ணணுமா?"

"முன்னாடியே ரொப்பி வெச்சிக்க வேண்டியதுதானே," என்றார் சாவித்திரி.

"வெச்சா ஆறிப்பூடும்."

"எதுல வெப்பீங்க?" சாவித்திரி சுற்றுமுற்றும் பார்த்தார். மேல்தளத்தில் மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. "அதுல வைங்க. மூடி போட்டு."

"அது ஐஸுக்கும்மா."

"அதுக்கு ஐஸா, சுடுதண்ணியான்னு என்ன தெரியும்? உள்ள இருக்கறத அப்படியே வெச்சிருக்கும், அவ்ளோதான்."

ராமன் நம்பவில்லை. ஒரு பெட்டியைக் கழுவி, உள்ளே பாலித்தீன் விரித்து, நாற்பத்துநாலு டிகிரித் தண்ணீரை நிரப்பி மூடினார்கள். ஒரு மணி நேரம் ஆகட்டும் என்று எல்லோரும் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்து மூடியைத் திறந்தபோது வஹீதுன்னிசா சென்சாரை எடுப்பதற்குள் ராமன் முழங்கை வரை கையை விட்டுவிட்டார். முகத்தைப் பார்த்தே தெரிந்தது. ஆனாலும் சென்சார் போட்டுப் பார்த்தார்கள். நாற்பத்தொன்று.

"மீனு நாத்தம் வருது," என்றார் ராமன்.

"உன் கைல வராத நாத்தமா?" என்றார் உலகநாதன்.

வெட்டிய வயரை ஒட்டியது ராமன்தான். அலாரம் எழுபத்தைந்தில் வைக்கப்பட்டது. கத்தினால் எண்ணை ஏற்றக்கூடாது, முதலில் வால்வை மூடவேண்டும், அப்படியும் கத்தினால் என்ஜினை நிறுத்திக் கடல்தண்ணீர் வரும் வழியைப் பார்க்கவேண்டும் என்று சாவித்திரி ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினார். உலகநாதன் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். "பசங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழும் பாதிதான் தெரியும்," என்று சொல்லிவிட்டு, கீழே தன் கையால் ஒரு வால்வும் அதன்மேல் ஒரு பெருக்கல் குறியும் வரைந்தார்.

கரை இறங்கும்போது பால்ராஜ் கேட்டார்: "உலகநாதா, அந்த வெல்டரு உனக்கு மட்டுந்தான் அந்த வேல செஞ்சானா?"

உலகநாதன் துறையில் வரிசையாக நின்ற படகுகளைப் பார்த்தார். "நான் போட்டதப் பாத்துட்டு எல்லாரும் கேட்டானுங்க," என்றார்.

வியாழக்கிழமை மாலை ஐந்தே காலுக்குப் படகு புறப்பட்டது. ஐந்தரைக்கு பால்ராஜ் நூம்பலுக்குப் போன் செய்தார். இருபது படகுகளில் பதினான்கில் அதே வால்வு இருக்கிறது. அவற்றில் ஆறு படகுகள் இப்போது கரையில் நிற்கின்றன. சொந்தக்காரர்களிடம் பேசிவிட்டார். முதலில் எல்லா ஹோஸையும் கழற்றிப் பார்ப்பது, பிறகு வாஷர் போடுவது, அதற்குப் பிறகு பெட்டி வேண்டுமா என்று அவரவர் சொல்வது என்று பேச்சு. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஆறு மில்லிமீட்டர் துளையிட்ட வாஷர்களோடு வஹீதுன்னிசாவும் சாவித்திரியும் காசிமேடு போகிறார்கள்.